முகவரி எழுதும் கட்டம்

பெருந்துறைக்கு அருகே ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி தன்விவரப் படிவத்தை என்னிடம் நீட்டினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. முகவரிக் கட்டம் மட்டும் காலி.

"சார், காலனி என்று எழுதலாமுங்களா, இல்லை ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளட்டுமுங்களா?"

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் போதும், சாதி தெரிந்துவிடும். அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு. ஆனால் அவள் ஏறி இறங்கும் பஸ் நிறுத்தத்தை ஊரார் இன்னும் அந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னையில் 12 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் ஆள் எடுக்கும் வேலை.

என் முகவரி எனக்குக் கதவைத் திறந்துவிட்டது. 2002இல் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, கேள்வி கேட்க வந்தவர் படிவத்தில் கோபிப் பக்கத்துத் தோட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, "என்ன கூட்டமுங்க?" என்றார். எங்கள் சாதிக்குள் குலத்தைக் கூட்டம் என்போம். சொன்னேன். "அட, நமக்குப் பங்காளி!" அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ஒப்புக்குத்தான். அந்த வேலையைத் திறமையால் வாங்கியதாகப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் சேர்க்க அப்பா மஞ்சள் மூட்டைகளை விற்றார். பிளஸ் ஒன் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தை நடத்தும் பள்ளி அது. 1975இல் எங்கள் சமூகம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது; அதன் பயனும் எனக்குக் கிடைத்தது. இருந்தும், 'கோட்டா' என்ற சொல்லை எங்கள் வீட்டில் மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் பண்ணையாளின் மகனுக்கு என் வயது. எட்டாம் வகுப்போடு நின்று எங்கள் வயலுக்கே வேலைக்கு வந்தான். என்னைச் 'சின்னப் பண்ணாடி' என்பான். எனக்கு டம்ளரில் காப்பி. அவனுக்கு வேலியோரம் செருகி வைத்திருந்த கொட்டாங்குச்சியில். அதை அவனே கழுவி, அதே இடத்தில் திரும்பச் செருகுவான்.

சென்னையில் எங்கள் அலுவலகம் பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்தது. சற்றுத் தொலைவில் கண்ணகி நகர். நகரத்தின் குடிசைப் பகுதிகளை அகற்றி, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். எங்கள் தளத்தைத் துடைத்த பெண்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். 2010இல் அங்கிருந்து ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். வெளியூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருந்தவர்களுக்கு நடுவே அவன் ஒருவன்தான் வீட்டிலிருந்து நடந்தே வந்தவன். ஷூவில் செம்மண் ஒட்டியிருந்தது. எழுத்துத் தேர்வில் அன்று அவன்தான் முதல். பேச்சிலும் தெளிவு. கடைசிச் சுற்றில் மேலாளர் முகவரியின் மேல் விரலை வைத்து, "அந்த ஏரியாவா? யோசியுங்கள்" என்றார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படிவத்தை எடுத்து இன்னொரு அடுக்கில் வைத்தேன். அவனுக்கு அனுப்பிய கடிதத்தில் கையெழுத்தும் என்னுடையதே.

இட ஒதுக்கீடு ஒரு பிள்ளையைக் கல்லூரிவரை கொண்டுவந்து சேர்க்கிறது. தனியார் நிறுவனத்தின் வாசலில் அது கிடையாது. அங்கே இருப்பது 'ரெபரல்': உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைச் சொல்வார், வந்தவர் அவருக்குத் தெரிந்தவரைச் சொல்வார். எங்கள் குழுவில் ஒரு கட்டத்தில் பாதிப் பேர் ஈரோடு, கோவை, நாமக்கல்காரர்கள். அவர்களில் ஒருவர்கூடக் காலனியிலிருந்து வந்தவரில்லை. அதை நான் கவனித்ததே ஊர் திரும்பிய பிறகுதான்.

மாணவி காத்துக்கொண்டிருந்தாள். "உன் முகவரியை உள்ளபடியே எழுதம்மா" என்றேன். எழுதினாள். 'காலனி' என்ற சொல்லை மற்ற எழுத்துகளைவிடச் சற்றுச் சிறிதாக எழுதினாள்.

எழுதச் சொல்லிவிட்டு அவளைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. அன்று மாலை, 2002இல் என்னைக் கேள்வி கேட்டவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது அங்கே பெரிய பொறுப்பில் இருக்கிறார். ஒரு பெண்ணைப் பரிந்துரைக்க வேண்டும் என்றேன்.

"நம்ம பொண்ணுங்களா?"

"இல்லீங்க. என் மாணவி. வகுப்பில் முதல்."

மறுமுனையில் பேச்சில்லை. இந்த முறை நான் விடவில்லை. அவளுடைய மதிப்பெண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன்.