ஸ்கேன் கருவிக்கு 'பிக்' மானியம் எழுதுகிறீர்களா?
பெங்களூரில் அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே என்று புதுக் கருவி செய்ய இறங்கியிருக்கும் நம்மவர்களுக்கு. மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனமான பைராக் (BIRAC) புதுக் கண்டுபிடிப்புகளுக்குத் தரும் 'பிக்' (BIG) மானியம் அதிகபட்சம் 50 லட்சம், 18 மாதம். பணம் மொத்தமாக வராது, மைல்கல் முடித்தால்தான் அடுத்த தவணை. பலர் சறுக்குவது அங்கேதான்: முதல் மைல்கல்லிலேயே நோயாளிகளிடம் சோதனை என்று எழுதிவிடுகிறார்கள். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கே மாதங்கள் ஓடிவிடும்.

முதலில் அகர் ஜெல் பேன்டம், அதாவது உடலுக்குப் பதிலாக ஸ்கேன் செய்து பார்க்கும் ஜெல் மாதிரி போதும். "தெளிவான படம்" என்று எழுதாதீர்கள், 4 செ.மீ. ஆழத்தில் 1 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு நைலான் இழைகள் தனித்தனியாகத் தெரியும் என்று எழுதுங்கள். ஜெல்லில் ஒலி வேகம், உடல் திசுவில் போலவே, நொடிக்கு 1540 மீட்டரை ஒட்டி இருக்கவேண்டும். வெறும் தண்ணீரும் அகரும் என்றால் குறைந்துவிடும், தூரக் கணக்கு பிசகும். கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் சரியாகும்.

எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி (AERB) உரிமம். அல்ட்ராசவுண்டுக்கோ கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் வருட பிசிபிஎன்டிடி (PCPNDT) சட்டம். அந்தச் சட்டப்படி பதிவில்லாத இடத்துக்கு மெஷின் விற்கவே கூடாது. ஆய்வுக்கூடம்தானே என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. மெஷின் ஆர்டர் போடும் முன்பே பதிவு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அப்புறம், மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. அதில் சேரும் வட்டியும் உங்களுடையது அல்ல, அரசுக்குத் திருப்பவேண்டும்.