உதவிப் பயிற்சியாளரின் இருக்கை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் உதவிப் பயிற்சியாளராகப் பல பருவங்கள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த வேலையைத் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு முன் காத்திருக்கும் இடமாக மட்டும் பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. காத்திருப்பவர்களும் இதில் இருக்கிறார்கள். ஆனால் இந்த வேலைக்கென்று தனியான அறிவும் நுட்பமும் உண்டு. அவற்றைக் கற்றுத் தேர ஒரு வாழ்நாள் தேவைப்படும்.

பருவம் தொடங்கியதும் எதிரணிகளை உதவிப் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். வியாழக்கிழமை ஆட்டத்துக்கு ஒருவர் பொறுப்பென்றால், அந்த ஆட்டம் முடிவதற்கு முன்பே இன்னொருவர் சனிக்கிழமை வரப்போகும் அணியின் அண்மைக்கால ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். டைம் அவுட் முடிந்து வந்ததும் அவர்கள் எந்தத் திட்டத்தை ஆடுகிறார்கள், பந்தைக் கொண்டுவருபவர் இடப்பக்கம் தள்ளப்பட்டால் என்ன செய்கிறார், இருவர் சூழ்ந்துகொள்ளும்போது உயரமான ஆட்டக்காரர் பந்தை யாரிடம் தருகிறார் என்பதையெல்லாம் வெட்டித் தொகுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இதுவரை பொறுமை இருந்தால் போதும். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. பக்கம் பக்கமாகத் திரட்டியவற்றில் மூன்று நான்கு செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். தேர்வுக்கும் படித்துக்கொண்டு ஆட்டமும் ஆடும் இருபது வயது இளைஞரின் மனத்தில் அதற்கு மேல் தங்காது. எதை விடுவது என்ற தெளிவு எனக்கு மெதுவாகத்தான் வந்தது; இந்தத் தொழிலின் திறமையை நான் அதை வைத்துத்தான் அளக்கிறேன்.

ஆட்டத்தின்போது அந்த எதிரணிக்குப் பொறுப்பானவர் தலைமைப் பயிற்சியாளரின் அருகில் அமர்வார். எதிரணி ஆட்டக்காரர் விரலை உயர்த்திச் சைகை காட்டியதுமே என்ன வரப்போகிறது என்பதை அவர் உரக்கச் சொல்லியாக வேண்டும். டைம் அவுட் எடுத்ததும் பயிற்சியாளர்கள் முதலில் தனியே கூடிச் சில நொடிகள் பேசுவோம். பிறகு தலைமைப் பயிற்சியாளர் மட்டும் ஆட்டக்காரர்களிடம் போய்ப் பேசுவார். இரவுகளில் விழித்துத் தேடிய செய்தி இன்னொருவர் வாயிலிருந்து இரண்டு வாக்கியங்களாக வெளிவருவதைக் கேட்பதில் எனக்கு எப்போதும் நிறைவுதான் இருந்திருக்கிறது. அந்த நிறைவு கிடைக்காதவர்கள் இதில் நெடுநாள் நிலைப்பது கடினம்.

இன்னொரு பாதி, ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்ப்பது. ஜூலை மாதத்தில் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் போன்ற பள்ளி வயதினர் போட்டிகளில், கல்லூரிச் சின்னம் பதித்த சட்டையோடு களத்தின் ஓரத்தில் வரிசையாக அமர்ந்திருப்போம். பார்வையிட மட்டுமே அனுமதியுள்ள நாட்களில் மாணவரிடம் நேரில் பேசக் கூடாது. அதனால் யார் யாரைப் பார்க்க வந்தார் என்பதே ஒரு செய்தியாகிவிடும். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பெயரைப் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பட்டியல் வந்தது. 2021இல், முதல் முறை கல்லூரி மாறுகிறவர் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டியதில்லை என்ற விதியும் வந்தது. இவற்றுக்குப் பிறகு, சேர்த்த மாணவரையே ஒவ்வொரு வசந்தத்திலும் மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆட்டக்காரரின் தாயோடும் பள்ளிப் பயிற்சியாளரோடும் பேசிப் பேசி வளர்ந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்பவர் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர்தான். அந்த நம்பிக்கையை விலைபேசியவர்களும் இருந்தார்கள். ஆட்டக்காரர்களைக் குறிப்பிட்ட முகவர்களிடமும் நிதி ஆலோசகர்களிடமும் திருப்பிவிடக் கையூட்டு வாங்கினார்கள் என்ற வழக்கில், 2017 செப்டம்பரில் நான்கு பல்கலைக்கழகங்களின் உதவிப் பயிற்சியாளர்கள் கைதானார்கள். பின்னர் நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதற்குச் சமாதானம் ஏதும் இல்லை. வீடுகளுக்குள் நுழையும் உரிமை எவ்வளவு பெரியது என்பதை அந்த வழக்கு எங்கள் எல்லோருக்கும் உணர்த்தியது.

இந்த வேலையை அமைப்பே எப்படி மதித்தது என்பதற்கு 1990களின் வரலாறு சான்று. கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவில், ஒவ்வொரு கூடைப்பந்து அணியிலும் ஓர் உதவிப் பயிற்சியாளரின் ஆண்டு வருவாய் 16,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ 1991இல் விதி செய்தது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. புதியவர்கள் நுழைய வழி என்று காரணம் சொல்லப்பட்டாலும், அனுபவம் மிக்கவர்களும் அந்த வரம்புக்குள் தள்ளப்பட்டார்கள். அவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். தொழிற்போட்டியைத் தடுக்கும் கூட்டு ஏற்பாடு அது என்று நீதிமன்றங்கள் கண்டன; 1999இல் 54.5 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. இன்று இந்தத் தொழிலில் நுழையும் இளைஞர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பில் கத்ரிஜ் 1967 முதல் 1997 வரை வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் உதவியாளராக இருந்தார். ஸ்மித் ஓய்வு பெற்றதும் தலைமை ஏற்று, மூன்று பருவங்களில் இரண்டு முறை அணியை, தேசியப் போட்டியின் அரையிறுதிச் சுற்றான இறுதி நான்குக்குக் கொண்டுசென்றார். அந்த மூன்று பருவங்களைத்தான் பலரும் அவரது சாதனை என்கிறார்கள். முந்தைய முப்பது ஆண்டுகளை நான் அதற்கும் மேலாக வைப்பேன். கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் உதவிப் பயிற்சியாளர் கிறிஸ் டெய்லி 1985இல் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவோடு வந்தவர். அந்த அணி வென்ற 12 தேசியப் பட்டங்களிலும் அவரது பங்கு உண்டு. டாமி லாயிட் கொன்சாகா பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்த இருபது ஆண்டுகளில், லித்துவேனியாவின் சபோனிஸ், ஜப்பானின் ஹச்சிமுரா போன்றவர்களை அங்கு அழைத்துவந்து, 2021இல்தான் அரிசோனாவின் தலைமைக்குப் போனார்.

இப்படி ஓரிடத்தில் நிலைப்பவர்கள் குறைவு. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் உதவியாளர்களின் வேலையும் பெரும்பாலும் அதே வாரத்தில் போய்விடும். குழந்தைகளின் பள்ளியாண்டு அப்போது முடிந்திருக்காது. இறுதி நான்கு நடக்கும் நகரத்தில்தான் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடும் நடக்கும். அங்கே விடுதிக் கூடங்களில் வேலை இழந்தவர்களும் வேலை தேடுபவர்களும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

2023 ஜூலை முதல் ஓர் அணி வைத்துக்கொள்ளக்கூடிய உதவிப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கை 3இலிருந்து 5ஆக உயர்ந்திருக்கிறது. கூடுதலான இடங்களுக்கு வருகிறவர்கள் பயிற்சி அளிக்கலாம், வெளியூர் சென்று ஆட்டக்காரர்களைத் தேடக் கூடாது என்று அப்போது விதி செய்யப்பட்டது. ஆட்டத்தைக் கற்பிப்பதில் தேர்ந்தவர்களுக்குத் தனியிடம் கிடைத்ததாக இதை நான் வரவேற்கிறேன். காணொளி அறையில் இருந்தபடி எல்லாம் அறிந்திருந்தும், களத்தில் ஓர் ஆட்டக்காரரின் கால்வைப்பைத் திருத்த விதி இடம் தராததால் விலகி நின்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இப்போது களத்தில் நிற்கிறார்கள். பணமுள்ள கல்லூரிகள் ஐந்து இடங்களையும் நிரப்பிவிடும். சிறிய கல்லூரிகள் அந்த இரண்டு இடங்களுக்கும் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம் தருமா என்பதை, அவற்றின் வரவுசெலவுத் திட்டம் வரும்போதெல்லாம் நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.