ஹால் ஆஃப் ஃபேமில் வைத்தால் நிஜம் வந்துவிடாது: என்பிஏ 2கே செட்டிங்ஸ்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வை வைத்து வரும் வீடியோ கேம் என்பிஏ 2கே. அதில் ஆட்டம் நிஜம் மாதிரி இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் முதலில் கை வைப்பது டிஃபிகல்ட்டியில்தான். புரோவிலிருந்து சூப்பர்ஸ்டார், அதற்கும் மேலே ஹால் ஆஃப் ஃபேம். ஆட்டம் கடினமாகும், நிஜமாகாது. எதிரணி எறிவதெல்லாம் விழும், நம் ஆள் தனியாக நின்று எறிந்தாலும் வளையத்தில் பட்டுத் திரும்பும். ஆட்டம் நிஜமா இல்லையா என்பதை முடிவில் வரும் பாக்ஸ் ஸ்கோர் என்ற புள்ளிவிவரப் பட்டியல்தான் சொல்லும்.

இன்றைய என்பிஏ-வில் ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் ஏறத்தாழ 100 பொசஷன் (பந்து கைக்கு வரும் முறை), 90-ஐ ஒட்டி ஷாட், 22 ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடுப்பில்லாத எறிதல்). 2023-24 சீசனில் மூன்று புள்ளி முயற்சிகள் சராசரி 35. உங்கள் பாக்ஸ் ஸ்கோரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் கோளாறு நேரம். நான்கு குவார்ட்டரும் 5 நிமிடம் என்றால் ஆட்டமே 20 நிமிடம்தான், நிஜத்தில் 48. நிஜத்தில் 25 புள்ளி சராசரி உள்ளவர் உங்கள் கையில் 10, 11-இல் நிற்பார். ஒரு அணியை சீசன் சீசனாக நடத்தும் மைஎன்பிஏ-வில் இது இன்னும் குழப்பும். நீங்கள் ஆடாத ஆட்டங்களை கணினி தனி குவார்ட்டர் நீளத்தில் சிமுலேட் செய்கிறது. அது 12 நிமிடமாக இருந்து, நீங்கள் ஆடுவது 5 நிமிடமானால், லீக் பட்டியல்களில் உங்கள் ஆட்கள் காணாமல் போவார்கள். இரண்டையும் ஒரே எண்ணில் வையுங்கள்.

12 நிமிடம் வைத்தவுடன் அடுத்த வம்பு: 140-க்கு 135 என்று ஸ்கோர் எகிறும். காரணம் சாஃப்ட்வேர் இல்லை, நம் அவசரம். 48 நிமிடம் என்பது 2,880 நொடி. இரண்டு அணிக்கும் சேர்த்து 200 பொசஷன் என்றால் ஒன்றுக்கு 14.4 நொடி. நாமோ நடுக்கோட்டைத் தாண்டியதும் எட்டாவது நொடியில் எறிந்துவிடுகிறோம். எதிரணி திரும்புமுன் ஓடிப் போடும் ஃபாஸ்ட் பிரேக் கிடைக்காத சமயங்களில் ஒரு ப்ளே (திட்டமிட்ட நகர்வு) அழையுங்கள்; எறிய மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கில் 10 நொடி இருக்கும் அளவில் எறியுங்கள். ஆட்டோமேட்டிக் சப்ஸ்டிட்யூஷனை நம்பினால் ரொட்டேஷனையும் (யாருக்கு எத்தனை நிமிடம்) பார்த்துவிடுங்கள்: ஐந்து பேர், 48 நிமிடம், மொத்தம் 240. பத்தாவது ஆளுக்கு 4 நிமிடம் கொடுப்பதைவிட ஒன்பது பேரோடு நிறுத்துவது நல்லது.

இனி ஸ்லைடர், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு அம்சத்தையும் கூட்டிக் குறைக்கும் பட்டை. பெரும்பாலானவை 50-இல் தொடங்கும். உங்களுக்கும் சிபியூ-வுக்கும் (கணினி ஆடும் அணி) தனித்தனி. சிபியூ 55 சதவீதம் அடிக்கிறதா? உடனே ஷாட் சக்சஸைக் குறைக்காதீர்கள். குறைத்தால் காலியாக நிற்பவனின் ஷாட்டும் தவறும், அதுதான் அந்தப் போலித்தனமான உணர்வு. பந்தைப் பறிக்கும் ஸ்டீல் பட்டனை விடாமல் அழுத்தி உங்கள் தடுப்பாளர் இடம் பிசகுகிறாரா என்று முதலில் பாருங்கள். அப்படி இல்லையென்றால் ஷாட் கவரேஜ் இம்பாக்ட்டைக் கூட்டுங்கள். கை மறைத்த ஷாட் மட்டும் கஷ்டமாகும்.

ஃப்ரீ த்ரோ 10-ஐத் தாண்டவில்லையென்றால் அட்டாக் த பாஸ்கெட், கான்டாக்ட் ஷாட், ஷூட்டிங் ஃபவுல் என்ற மூன்று ஸ்லைடரும் சம்பந்தப்பட்டவை. ஃபவுலை மட்டும் ஏற்றினால் மூன்றாவது குவார்ட்டரிலேயே சென்டர் ஐந்து ஃபவுலோடு பெஞ்சில் இருப்பார், ஆறாவதில் வெளியே. ஒரு தடவைக்கு ஒரே ஸ்லைடர், 5 புள்ளி, பிறகு மூன்று ஆட்டம். நான்கை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது.

ஷாட் டைமிங்தான் கடைசி முடிச்சு. பட்டனைச் சரியான நொடியில் விடும் விரல் உங்களுக்கு இருந்தால் எல்லா வீரரும் நல்ல ஷூட்டர் ஆகிவிடுவார்கள். முன்னாள் நட்சத்திரம் ஷகீல் ஓ'நீலின் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ 52.7 சதவீதம். அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்வது ஒரு வியூகமாகவே இருந்தது. உங்கள் கையில் அவர் பத்துக்குப் பத்து போட்டால் அந்த வியூகமே செத்துவிடும். ஷாட் டைமிங்கை ரியல் பிளேயர் பர்சென்டேஜில் வைத்தால் வீரரின் திறமைதான் பேசும். விரலுக்கு வேலை குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்சியாளராக யோசிக்கத் தொடங்குவீர்கள்.

இதெல்லாம் ஒற்றை ஆட்டமான பிளே நவ், மைஎன்பிஏ இரண்டுக்கும்தான். மைடீம் வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டும் ஆட்டம், வேறு வேறு காலத்து வீரர்கள் ஒரே அணியில் நிற்கும் இடத்தில் நிஜத்தைத் தேடக் கூடாது. பார்க் 21 புள்ளி வரை போகும் தெரு ஆட்டம். மைகரியரில் ஒரே ஆளைத்தான் ஆட்டுகிறோம். பந்து இல்லாதபோது ஸ்க்ரீன் வைப்பது, இடம் மாறுவது எல்லாம் அங்கேதான் நன்றாகப் பிடிபடும். ஆனால் விசி என்ற கேம் பணம் புகுந்ததும் வளர்ச்சி வேறு கணக்காகிவிடுகிறது.

என் ஓட்டு மைஎன்பிஏ-வின் ஈராஸுக்கு, அதாவது லீக்கைப் பழைய காலத்திலிருந்து தொடங்கும் முறைக்கு. 2கே23 பதிப்பில் வந்தது, தொடக்கங்கள் 1983, 1991, 2002, இன்றைய காலம். 2கே24-இல் லெப்ரான் காலமும் 2கே25-இல் கர்ரி காலமும் சேர்ந்தன. இங்கே மேலே சொன்ன அளவுகோலையும் மாற்ற வேண்டும். 1983-84-இல் ஒரு அணி ஆட்டத்துக்கு மூன்றுக்கும் குறைவான மூன்று புள்ளி முயற்சிகளே செய்தது. 2002-03-இல் ஏறத்தாழ 15. 2003-04-இல் பொசஷனே 90-ஐ ஒட்டித்தான், அதாவது ஒன்றுக்கு 16 நொடி. 1983-இல் தொடங்கிவிட்டு மூலையிலிருந்து முப்பது எறிந்தால் காலம் கலைந்துவிடும்.

பிசி-யில் ஆடுபவர்கள் கவனிக்க: 2கே24 வரை பிசி-க்கு வந்தது பழைய தலைமுறை கன்சோல்களின் பதிப்பு, அதில் ஈராஸ் கிடையாது. 2கே23 எங்காவது மலிவாகக் கிடைத்தாலும் வாங்கிவிடாதீர்கள். 2கே25-இலிருந்துதான் பிசி-யிலும் புதிய பதிப்பு.