வீரவணக்க நாள்: பட்டியலும் பியூகிளும்

1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 10 பேர் உயிரிழந்தார்கள். பணியில் உயிர்விட்ட காவலர்களுக்கு ஆண்டுதோறும் அதே தேதியில் அஞ்சலி செலுத்தும் காவலர் வீரவணக்க நாளுக்கு அதுதான் தொடக்கம். பயங்கரவாதிகளோடு மோதி இறந்தவரும் வெள்ளத்தில் ஆட்களை மீட்கப்போய் இறந்தவரும் இன்று விழாவில் வாசிக்கப்படும் ஒரே பெயர்ப் பட்டியலில் வருகிறார்கள்.

கவாத்து ஒத்திகைக்குப் பல நாள் ஒதுக்குகிறோம். பட்டியல் வாசிப்பவருக்கோ முந்தின நாள் மாலைதான் தாள் கைக்கு வருகிறது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடப்பு ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுவதும் பணியில் இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். அண்மை ஆண்டுகளில் 200 பெயர்களுக்கு முன்பின்னாக வருகிறது. பதவியோடு சேர்த்துப் பெயருக்கு 5 விநாடி என்றாலும் 17 நிமிடம் ஆகும். மணிப்பூர், பஞ்சாப் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊகித்து வாசித்தால் தடுமாற்றம் நிச்சயம். அந்த மாநிலத்துக்காரர் ஒருவரிடம் கேட்டு, தமிழில் பெரிய எழுத்தில் அடித்து, சத்தமாக இருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். நேரமாகிறது என்று பாதியில் வேகம் கூட்டுவதைவிட அவமரியாதை வேறில்லை.

அந்த நேரம் முழுக்க அணி அசையாமல் நிற்கிறது. முழங்காலை இறுக்கி நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, இளம் காவலர்கள்தான் முதலில் சாய்வார்கள். பூட்ஸுக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு யாரையும் நிறுத்தாதீர்கள்.

துக்க மரியாதைக்கான 'சோக் சஸ்த்ர' கட்டளைக்குத் துப்பாக்கி தலைகீழாகி, குழல்முனை பூட்ஸ் மேல் நிற்கும், தலை கவிழும். பியூகிள் என்ற ஊதுகொம்பில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசை, 2 நிமிட மௌனம், பிறகு மௌனத்தை முடிக்கும் ரௌஸ் இசை. மனக்கணக்கில் விட்டால் மௌனம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடிகாரத்தோடு ஒருவர் பியூகிள்காரரின் பார்வையில் படும்படி நின்று சைகை தர வேண்டும். அக்டோபர் என்றால் தமிழ்நாட்டில் மழை. மலர்வளைய ரிப்பனில் மையால் எழுதினால் கரைந்து ஓடும், எழுத்துகளை வெட்டி ஒட்டுவதே நல்லது. மலர்வளையம் வைப்பவரின் பெயர் ரிப்பனில் எதற்கு என்பது வேறு கேள்வி.

குடும்பத்தினரிடம் ஒரு வாரம் முன்பே பேசி, மலர்வளையம் வைப்பது தாயா மனைவியா என்று கேட்டுவிடுங்கள். மைக்கில் பொதுவாக அழைத்தால் இருவரும் எழுந்து, ஒருவர் திரும்ப உட்கார வேண்டியிருக்கும். அழைத்து வந்த வண்டியை, அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடவும் எழுத்தில் ஒதுக்குங்கள். விழா முடிந்ததும் அது அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவது அடிக்கடி நடக்கிறது.