அடைகாக்காத கோழியின் ஆசை

முதன்முறை தகுதித் தேர்வுக்குத் தயாரானபோது, பாடத்தைத் தொடங்கும் முன்பே என் இலட்சியத்தைப் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தேன். தேறியபின் வாழ்க்கை எப்படியெல்லாம் மாறும் என்று இரவுகளில் நெடுநேரம் எண்ணிக் கிடந்தேன். அந்த ஆசையில் பொய்யே இல்லை. ஆனாலும் நான் தேறவில்லை. தோல்வியின் வேகத்தில் ஆசையை இன்னும் வளர்த்துக்கொண்டு எழுதிய இரண்டாம் முறையும் தேறவில்லை.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான சம்யுத்த நிகாயத்தில் அவர் சொல்லும் ஓர் உவமையை அந்த நாள்களில்தான் படித்தேன். எட்டோ பத்தோ பன்னிரண்டோ முட்டையிட்ட கோழி ஒன்று, அவற்றின்மேல் முறையாக அமர்ந்து அடைகாக்காமல், தன் குஞ்சுகள் ஓடுடைத்து நலமாக வெளிவரவேண்டும் என்று எவ்வளவு விரும்பினாலும் அவை வெளிவரா. முறையாக அடைகாத்த கோழிக்கோ, அந்த விருப்பம் மனத்தில் எழாமற்போனாலும் குஞ்சுகள் பொரிந்துவிடும். இதைப் படித்த அன்று, முந்தைய மாதத்தில் உண்மையாகவே புத்தகத்தோடு அமர்ந்திருந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கனவு கண்ட நேரமே அதைவிட மிகுதியாக இருந்தது. முட்டைக்கு வேண்டியது சூடு. நான் கொடுத்துக்கொண்டிருந்தது ஏக்கம்.

அப்படியானால் ஆசையையே விட்டுவிட வேண்டுமா என்ற ஐயம் பலருக்கு எழும், எனக்கும் எழுந்தது. பௌத்தம் இங்கே நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றாகத் துன்பம் தோன்றும் பன்னிரு சார்புகளை விளக்கும் மணிமேகலை, நுகர்ச்சியால் வேட்கையும் வேட்கையால் பற்றும் உண்டாகும் என்று கூறும். துன்பத்துக்கு வழிவிடுவது அந்த வேட்கை. ஆனால் ஒன்றைச் செய்யவேண்டும் என்ற விருப்பத்துக்குப் பாலியில் 'சந்த' என்று வேறு பெயர் உண்டு. முயற்சி, மன ஒருமை, ஆராய்ந்து பார்த்தல் ஆகிய மூன்றுக்கும் முன்னால், மன ஆற்றலுக்கு அடிப்படையான நான்கு இத்திபாதங்களில் முதலாவதாக அதுவே நிற்கிறது. கோசாம்பி நகரின் கோசிதாராமம் என்னும் பூங்காவில் புத்தரின் சீடர் ஆனந்தரைச் சந்தித்த உண்ணாப என்னும் அந்தணர், விருப்பத்தால் விருப்பத்தை நீக்குவது முடிவில்லாத வேலையாகாதா என்று கேட்டார். இந்தப் பூங்காவுக்கு வரவேண்டும் என்று முன்பு உமக்கு விருப்பம் இருந்ததல்லவா, வந்து சேர்ந்ததும் அது தணிந்துவிட்டதல்லவா என்று ஆனந்தர் திருப்பிக் கேட்டார்.

அந்தப் பதிலையே என் படிப்பு முறையாக்கிக்கொண்டேன். 'தேறவேண்டும்' என்ற விருப்பம் ஆண்டு முழுதும் தணியாமல் எரிந்து களைப்பைத்தான் தரும்; 'அடுத்த ஒரு மணி நேரத்தில் இந்த அத்தியாயத்தின் பத்துக் கணக்குகளைப் போடவேண்டும்' என்ற விருப்பமோ, போட்டு முடித்ததும் தானே தணிந்து அடுத்ததற்கு இடம்விடும். எதிரே ஒட்டியிருந்த தாளை எடுத்துவிட்டு, அன்றன்றைக்கு நடந்து சென்று சேரக்கூடிய ஒரே ஒரு செயலை மட்டும் எழுதி வைத்தேன்.

இதில் ஒரு பிழையும் செய்தேன். மூன்றாம் முயற்சியின் தொடக்க வாரங்களில் உறக்கத்தைக் குறைத்து, ஓய்வே இல்லாமல் படித்து, கடைசியில் எதுவும் மண்டையில் ஏறாத நிலைக்கு வந்தேன். கடுமையாக முயன்றும் பலன் காணாமல் துறவையே விட்டு வீடு திரும்ப நினைத்த சோணர் என்னும் துறவியிடம், யாழின் நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறக்குமா என்று புத்தர் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூக்கத்தையும் அவர் பழிக்கவில்லை. தூங்கி வழிந்த தம் சீடர் மொக்கல்லானருக்குச் சொன்ன வழிகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியவை: கற்றதை மனத்தில் ஆராய்வது, வாய்விட்டு ஓதுவது, காதுமடலை இழுத்துக் கைகால்களைத் தேய்ப்பது, கண்ணை நீரால் கழுவுவது, எழுந்து நடப்பது; எதுவும் பயன்படாவிட்டால் எழவேண்டும் என்ற எண்ணத்தோடு படுத்துவிடுவது. மாலைப் படிப்பில் இந்த வரிசையை நான் அப்படியே கடைப்பிடித்தேன். வாய்விட்டு ஓதுவதே எனக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் முறை தேறினேன். இடையில் என்னை அதிகம் வாட்டியது பாடமன்று, 'இன்று எவ்வளவு முன்னேறினேன்' என்று நாள்தோறும் அளந்து சோர்ந்துபோனதுதான். கோழி உவமையை அடுத்தே மரம் செதுக்கும் தச்சனின் வாய்ச்சி என்னும் கருவி உவமையாக வருகிறது: அதன் பிடியில் விரல்தடம் பதிந்திருப்பதைத் தச்சன் காண்கிறான், இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அவன் அறியமாட்டான், தேய்ந்த பிறகு, தேய்ந்தது என்று மட்டும் அறிவான். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவரை பார்க்காத பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். விடைகளில் எங்கே தவறினீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, மற்ற நாள்களில் அளவுகோலைத் தொடாதீர்கள்.