நாலு இம்பிளான்ட், இரண்டு முறை எடுத்த அளவு

நான் பென்னாகரம் பக்கம் பிறந்தவன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வருவதற்கு முன்பு ஃப்ளோரைடு மிகுந்த கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பல்லில் பழுப்புக் கறை இல்லாதவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. ஆனால் என் பற்களைக் கொண்டுபோனது கறை இல்லை. சர்க்கரையும் ஈறு நோயும்தான். 56 வயதில் கீழ்வரிசை முழுவதும் போய்விட்டது. களியை மெல்லாமல் விழுங்கிவிடலாம், நிலக்கடலையை என்ன செய்வது?

தர்மபுரியில் ஒரு கிளினிக்கில் கீழ்த்தாடையில் நாலு இம்பிளான்ட், அதாவது எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கைப் பல்வேர், வைத்தார்கள். டைட்டானியத்தோடு எலும்பு பிடிக்க மூன்று மாதம் காத்திருந்தேன். அப்புறம் அளவெடுப்பு. மாவு அப்பவில்லை, ஒவ்வொரு இம்பிளான்ட்டிலும் ஸ்கேன் பாடி என்ற சின்னக் குச்சியைத் திருகி, கேமராவை வாய்க்குள் ஓட்டினார்கள். பத்து நிமிஷத்தில் என் தாடை கம்ப்யூட்டரில் தெரிந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

பல் செட்டை மாட்டிய நாளில் வலதுபுறம் முதல் ஸ்க்ரூவை இறுக்கினார்கள். இடதுபுறம் லேசாகத் தூக்கி நின்றதை நாக்காலேயே உணர்ந்தேன். சொன்னேன். "இறுக்கினா உட்கார்ந்திடும் சார்" என்று பதில் வந்தது. இறுக்கினார்கள், உட்கார்ந்தது. தாடையே பிடித்து இழுப்பது போல இருந்தது. மூன்றாம் மாதம் இடது ஓரத்து ஸ்க்ரூ கழன்றது. திரும்ப இறுக்கினார்கள், திரும்பக் கழன்றது. அன்று அந்தச் செட்டை நான் ஏற்றுக்கொண்டிருக்கவே கூடாது.

மைத்துனர் சொல்லி கிருஷ்ணகிரியில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் செட்டைக் கழற்றி, ஒரே ஒரு ஓர ஸ்க்ரூவை மட்டும் மாட்டி எக்ஸ்ரே எடுத்தார். மறு ஓரத்தில் இம்பிளான்ட்டுக்கும் செட்டுக்கும் நடுவே கறுப்புக் கோடு தெரிந்தது. "நாலையும் இறுக்கினா இந்தக் கோடு மறைஞ்சிடும் ஐயா. ஆனா இழுவிசை உள்ளேயே இருக்கும். அதுதான் ஸ்க்ரூவைக் கழட்டுது" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். என் மனைவிக்கு ஒரு கடைவாய்ப்பல்லுக்கு இதே ஸ்கேன்தான். முதல் தடவையே கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு மட்டும் ஏன்? டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கேமரா ஒரே படம் எடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான சின்னப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறது. பக்கத்துப் பற்களின் மேடு பள்ளம் அதற்கு அடையாளம். என் தாடையோ வழவழப்பான ஈறு, எச்சில் பளபளப்பு வேறு, நாக்கும் ஒத்துழைக்காது. ஒவ்வொரு ஒட்டிலும் சில மைக்ரான் பிசகினாலும், ஒரு கோடியிலிருந்து மறுகோடி போவதற்குள் எல்லாம் சேர்ந்துவிடும். இயற்கைப் பல்லைச் சுற்றி மெத்தை போன்ற நார் இருப்பதால் அது கொஞ்சம் இடம் கொடுக்கும். எலும்போடு பிடித்த இம்பிளான்ட் இடம் கொடுக்காது. ஸ்கேன் பாடி முழுதாக உட்காராமல் இருந்திருந்தாலும் அளவு தப்பியிருக்கலாம் என்றார்.

இந்த முறையும் அவர் ஸ்கேனை ஒதுக்கவில்லை. ஸ்கேன் பாடி ஒவ்வொன்றும் உட்கார்ந்ததா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுத்தான் கேமராவையே எடுத்தார். அந்த அளவை வைத்து லேபில் நாலு துண்டாக ரெசின் (இறுகும் பிளாஸ்டிக் வகை) சட்டம் செய்து வரவழைத்தார். துண்டுகளை ஒவ்வொரு இம்பிளான்ட்டிலும் தனித்தனியாகத் திருகி, நடுவில் இருந்த மெல்லிய இடைவெளியை வாய்க்குள்ளேயே ரெசின் வைத்து இணைத்தார். ரெசின் இறுகும்போது சுருங்குமாம். இடைவெளி குறைவாக இருந்தால் சுருக்கமும் குறைவு, அதற்காகத்தான் துண்டு போட்டது. அந்தச் சட்டத்தை வைத்து ஜிப்சம் மாடல் வார்த்து, ஸ்கேன் அளவை அதற்கு ஏற்பத் திருத்தினார்கள்.

இதற்காக நாலு தடவை காவேரிப்பட்டணம் வழியாக பஸ்ஸில் போய் வந்தேன். முதலில் பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரிச் செட். அதிலும் ஒற்றை ஸ்க்ரூ சோதனை, எக்ஸ்ரே. கோடு இல்லை. அதற்கப்புறம்தான் ஸிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் வகையில் நிரந்தரச் செட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். அது வந்தபோதும் அதே சோதனையை முதலிலிருந்து செய்தார். நாலாவது ஸ்க்ரூ இறுகும்போது தாடையில் எந்த இழுப்பும் இல்லை.

ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார், போன வாரம் போனேன். நாலு ஸ்க்ரூவும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.