பந்து கையை விட்ட நொடி

சாஃப்ட்பாலிலோ பேஸ்பாலிலோ தடுக்கும் அணி எறிந்த பந்து ஆட்ட எல்லையைத் தாண்டி வெளியே போய்விட்டால், பேஸ் எனும் நிலைகளுக்கு இடையே ஓடும் மட்டையாடும் அணியினருக்கு, அதாவது ரன்னர்களுக்கு, இரண்டு பேஸ். இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. அந்த இரண்டை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் தகராறு தொடங்குகிறது. சாஃப்ட்பாலிலும் பேஸ்பாலிலும் மாறி மாறி நடுவராக நின்று வருவதால், இந்த ஒரு கேள்விக்கு இரண்டு ஆட்டங்களும் வெவ்வேறு விடைகளை வைத்திருப்பதும், பயிற்சியாளர்களும் பார்வையாளர்களும் இரண்டிலும் இல்லாத மூன்றாவது விடை ஒன்றை நம்பிக்கொண்டிருப்பதும் எனக்கு நன்கு பழகிப்போன காட்சி.

முதலில் அந்த மூன்றாவது விடையைப் பார்த்துவிடலாம். ‘போய்க்கொண்டிருக்கும் பேஸும், அதற்கு மேல் ஒன்றும்’ என்று ஒரு வாய்ப்பாடு பல மைதானங்களில் புழங்குகிறது. ரன்னர் முன்னோக்கி ஓடும்போது அது பெரும்பாலும் சரியான இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பதால்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. ஆனால் முதல் பேஸிலிருந்து சற்றுத் தூரம் ஓடிய ரன்னர், பறந்து வந்த பந்தை அவுட்ஃபீல்டர் (பேஸ்களுக்கு அப்பால் தொலைவில் நிற்கும் தடுப்பாளர்) பிடித்துவிட்டதைக் கண்டு திரும்பி முதல் பேஸை நோக்கி ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை அவுட்டாக்க எறிந்த பந்து முதல் பேஸைத் தாண்டி வெளியே போகிறது. வாய்ப்பாட்டின்படி அவருக்கு இரண்டாம் பேஸ்தான் கிடைக்கும். விதிப்படி கிடைப்பது மூன்றாம் பேஸ். ரன்னரின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை எந்த விதிநூலும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசியாகத் தொட்ட பேஸ் எது என்று மட்டுமே அது கேட்கிறது. திரும்பி வந்து முதல் பேஸைத் தொட்ட பிறகே மூன்றாம் பேஸுக்குப் போக வேண்டும் என்பது வேறு விஷயம். அந்தக் கடமையைப் பந்து வெளியே போனது ரத்து செய்துவிடாது.

சாஃப்ட்பாலின் விடை எளிமையானது. 2017 வரை ஏ.எஸ்.ஏ. என்று அறியப்பட்ட அமைப்பான யு.எஸ்.ஏ. சாஃப்ட்பாலின் விதிநூலாகட்டும், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கான என்.எஃப்.எச்.எஸ். நூலாகட்டும், கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. நூலாகட்டும், பந்து எறிந்தவரின் கையை விட்ட நொடியில் ஒவ்வொரு ரன்னரும் கடைசியாகத் தொட்டிருந்த பேஸிலிருந்து இரண்டு பேஸ் என்பதே தீர்ப்பு. எறிந்தவர் இன்ஃபீல்டரா (பேஸ்களின் அருகே நிற்பவர்) அவுட்ஃபீல்டரா, அது முதல் எறிதலா மூன்றாவது எறிதலா என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. ஒரே ஆட்டத்தில், அதாவது ஒருமுறை வீசிய பந்தைத் தொடர்ந்து, பல எறிதல்கள் நடந்திருந்தால், வெளியே போன அந்த ஒரு எறிதலின் நொடியே கணக்கில் வரும்.

பேஸ்பாலின் விதிநூல் இங்கே ஒரு வளைவு எடுக்கிறது. மட்டையால் அடித்த பந்தை எடுத்த இன்ஃபீல்டர் செய்யும் முதல் ஆட்டமே (அவுட்டாக்கும் முதல் முயற்சியே) வெளியே போகும் எறிதலாக அமைந்துவிட்டால், பிட்சர் (பந்து வீசுபவர்) பந்து வீசிய நேரத்தில் ரன்னர்கள் இருந்த இடத்திலிருந்து இரண்டு பேஸ் எண்ண வேண்டும். மற்ற எல்லா நேரங்களிலும் எறிந்த நொடி. இதற்குள்ளேயே இன்னொரு விலக்கும் உண்டு: இன்ஃபீல்டர் எறிவதற்கு முன்பே பேட்டர் (பந்தை அடித்தவர்) உட்பட எல்லா ரன்னர்களும் குறைந்தது ஒரு பேஸ் முன்னேறியிருந்தால், முதல் ஆட்டமாக இருந்தாலும் எறிந்த நொடியே செல்லும். பேட்டர் முதல் பேஸைத் தொட்டுவிட்டாரா என்பதையே இங்கே முடிச்சாக வைத்திருக்கிறார்கள். அது நடுவரின் கண்ணுக்கு விடப்பட்ட முடிவு என்பதையும் விதிநூலே ஒப்புக்கொள்கிறது.

வித்தியாசம் எங்கே வெடிக்கும் என்பதற்கு ஒரே ஒரு ஆட்டம் போதும். முதல் பேஸில் ஒரு ரன்னர். பிட்சர் பந்தை விட்டதும் அவர் இரண்டாம் பேஸைத் திருட ஓடத் தொடங்குகிறார். பேட்டர் அடித்த பந்து மெதுவாக உருண்டு, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் வருகிறது. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து நிமிர்வதற்குள் ரன்னர் இரண்டாம் பேஸை மிதித்து மூன்றாம் பேஸ் பக்கம் நான்கைந்து அடி போய்விட்டார். பேட்டரோ முதல் பேஸுக்கு இன்னும் பாதி வழியில் இருக்கிறார். முதல் பேஸுக்கு எறிந்த பந்து தலைக்கு மேலே பறந்து வேலியைத் தாண்டுகிறது. சாஃப்ட்பாலில் அந்த ரன்னர் கடைசியாகத் தொட்டது இரண்டாம் பேஸ் என்பதால் அவருக்கு ஹோம் (தொட்டால் ரன் கிடைக்கும் கடைசி பேஸ்), பேட்டருக்கு இரண்டாம் பேஸ். ஒரு ரன் கணக்கில் ஏறிவிடும். பேஸ்பாலில் இது இன்ஃபீல்டரின் முதல் ஆட்டம், பேட்டர் முதல் பேஸை அடையவுமில்லை, ஆகவே பந்து வீசிய நேரத்து இடத்திலிருந்து எண்ணி ரன்னரை மூன்றாம் பேஸில் நிறுத்திவிட வேண்டும். பந்து, ஓட்டம், தவறு எல்லாம் ஒன்றாகவே இருந்தும் ஒரு நூலில் ரன் உண்டு, இன்னொன்றில் இல்லை. காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் நடத்தும் நடுவருக்கு இந்த ஓர் ஆட்டம் கனவிலும் வரும்.

பேஸ்பால் ஏன் இப்படி வளைகிறது என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. இன்ஃபீல்டில் அடிபட்ட பந்து சில நொடிகளுக்குள் முடிந்துபோகும் விவகாரம். பந்தை எடுப்பவர், முதல் பேஸில் நிற்பவர், ஓடும் பேட்டர் என்று கண் அலையும்போது மற்ற ரன்னர்கள் எந்த அடியில் எந்தப் பேஸைத் தொட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பிடிப்பது கடினம். பந்து வீசிய நேரத்தில் யார் எந்தப் பேஸுக்கு உரியவர் என்பதோ எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த செய்தி. தெரிந்த புள்ளியிலிருந்து எண்ணினால் வாக்குவாதம் குறையும். எனினும், ஓடிச் சம்பாதித்த பேஸை ரன்னரிடமிருந்து பிடுங்காத சாஃப்ட்பால் விதியே நியாயமானது என்பது என் கட்சி. அதன் சுமை முழுவதும் நடுவரின் கண்ணில் விழுகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சுமையைச் சற்று அருகில் பார்க்கலாம். சாஃப்ட்பாலில் பேஸ்களுக்கு இடையே 60 அடி, பேஸ்பாலில் 90. தூரம் குறைந்தால் ரன்னர் ஒரு பேஸைக் கடக்கும் கணமும் பந்து கையை விடும் கணமும் அடிக்கடி ஒட்டிக்கொண்டே வரும். பந்து எறிந்தபோது ரன்னர் இரண்டாம் பேஸுக்கு ஓரடி குறைவாக இருந்திருப்பார். பந்து முதல் பேஸைத் தாண்டி உருண்டு எல்லைக்கோட்டைக் கடக்கும் நேரத்தில் மூன்றாம் பேஸை நோக்கிப் பாதி வழி போயிருப்பார். எல்லோரும் பந்தைத் துரத்திப் பார்த்துவிட்டுப் பிறகு ரன்னரைத் திரும்பிப் பார்ப்பதால், இந்த இரண்டாவது காட்சிதான் அவர்கள் மனதில் பதியும். பயிற்சியாளர் கோபத்தோடு வந்து “அவர் இரண்டாம் பேஸைத் தாண்டிவிட்டாரே, ஹோம் கொடுங்கள்” என்று கேட்பது பொய்யல்ல; அவர் பார்த்தது உண்மை, பார்த்த நேரம்தான் தவறு. எறிதல் நிகழ்ந்த நேரம் என்பது பந்து எறிந்தவரின் கையை விட்ட நேரமே என்றும், தரையில் பட்ட நேரமோ, பிடிக்க வேண்டியவரைத் தாண்டிய நேரமோ, வெளியே போன நேரமோ அல்ல என்றும் பேஸ்பால் விதிநூல் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடியபோது ஆறு ரன் கொடுத்தார்கள். பந்து எறியப்பட்ட நொடியில் இரு மட்டையாளர்களும் இரண்டாவது ரன்னுக்கு ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை, ஆகவே ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும் என்று முன்னாள் நடுவர் சைமன் டாஃபல் பின்னர் விளக்கினார். அங்கேயும் கேள்வி இதே நொடியைப் பற்றியதுதான். சாஃப்ட்பாலிலும் எறிந்த பந்து ரன்னரின் ஹெல்மெட்டில் தற்செயலாகப் பட்டு வெளியே போனால் கணக்கு மாறுவதில்லை. எறிந்த நொடி, இரண்டு பேஸ்.

எறிதல் இல்லாமல் பந்து வெளியே போகும் வழிகளும் உண்டு. அப்போது எண்ணிக்கையும் மாறுகிறது, நொடியும் மாறுகிறது. கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ரன்னரை அவுட்டாக்கத் தொட முயலும்போது பந்து கையுறையிலிருந்து நழுவி உருண்டு வீரர்கள் அமரும் பகுதிக்குள் போய்விட்டால், யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால் விதிப்படி ஒரே ஒரு பேஸ்தான், அதுவும் பந்து வெளியே போன நேரத்தில் கடைசியாகத் தொட்ட பேஸிலிருந்து. பந்தைப் பிடித்த வீரர் தன் வேகத்தில் தடுமாறி எல்லைக்கு வெளியே காலை வைத்துவிட்டாலும் ஒரு பேஸ். வேண்டுமென்றே கொண்டுபோனால் இரண்டு. பிட்சர் வீசிய பந்தே கேட்சரைத் தாண்டி வெளியே போனால் ஒரு பேஸ். மட்டையால் அடித்து, முதல், மூன்றாம் பேஸ் கோடுகளுக்கு உள்ளே சென்ற (ஃபேர்) பந்து தடுப்பவரின் மீது பட்டுத் திசைமாறி வெளியே போனாலோ இரண்டு பேஸ், ஆனால் பந்து வீசிய நேரத்திலிருந்து. ஆக சாஃப்ட்பாலுக்குள்ளேயே மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன: வீசிய நேரம், எறிந்த நேரம், வெளியே போன நேரம். பந்தை வெளியே அனுப்பிய விசை எது என்று முதலில் முடிவு செய்துவிட்டால், எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பந்து வெளியே போகாமலேயே தடைபடுவதும் உண்டு. ஆட்டத்தில் இல்லாத ஒருவர் மீதோ, மைதானத்தில் கிடக்கும் பொருள் மீதோ எறிந்த பந்து பட்டால் அதையும் வெளியே போன எறிதலைப் (ஓவர்த்ரோ) போலவே கணக்கிடுகிறார்கள். ஆனால் அங்கே கிடந்தது மட்டையாடும் அணி அலட்சியமாக விட்டுவைத்த மட்டையோ ஹெல்மெட்டோ என்றால் பரிசு கிடையாது; ரன்னர்கள் கடைசியாகத் தொட்ட பேஸுக்குத் திரும்ப வேண்டும், அந்தத் தடையால் ஓர் அவுட் கைநழுவியிருந்தால் அந்த ரன்னரே அவுட். ஆட்டத்துக்கு முன் கிடக்கும் மட்டைகளை எடுக்கச் சொல்லி நடுவர் நச்சரிப்பது இதற்காகத்தான்.

எளிய வாய்ப்பாடுகள் அனைத்தும் உடைந்துபோகும் ஓர் ஆட்டமும் இருக்கிறது. முதல் பேஸில் ரன்னர். பேட்டர் அடித்த பந்து வலப்புற அவுட்ஃபீல்டின் முன்பகுதியில் பிடிபடுமா விழுமா என்று தெரியாமல் ரன்னர் பாதி வழியில் நின்றுவிடுகிறார். பந்து விழுகிறது. அதற்குள் பேட்டர் முதல் பேஸைச் சுற்றிவந்து ரன்னரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். அவுட்ஃபீல்டர் முதல் பேஸுக்கு எறிந்த பந்து வெளியே போகிறது. இருவரும் கடைசியாகத் தொட்டது ஒரே முதல் பேஸ். இருவருக்கும் இரண்டு பேஸ் என்றால் இருவரும் மூன்றாம் பேஸில் போய் நிற்க வேண்டும். இங்கே முன்னால் இருப்பவருக்கு மூன்றாம் பேஸ், பேட்டருக்கு இரண்டாம் பேஸ் என்று முடித்துவிட வேண்டியதுதான். அரிதாக, இந்த இடத்தில் இரண்டு ஆட்டங்களின் நூல்களும் ஒரே பேச்சாகப் பேசுகின்றன.

நடைமுறையில் இருவர் நடுவராக நிற்கும் ஆட்டமென்றால், யார் எதைப் பார்ப்பது என்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது என் வழக்கம். பேஸ் பக்கம் நிற்பவர் எறிபவரின் கையையும் பேட்டரையும் பார்க்கிறார். ஹோம் பக்கம் நிற்பவர் முன்னால் ஓடும் ரன்னர்களையும் எல்லைக்கோட்டையும் பார்க்கிறார். பந்து வெளியே போனதும் கைகளை உயர்த்தி டெட் பால் (ஆட்டம் நின்றது) என்று அறிவித்துவிட்டு, யாரும் வாய் திறப்பதற்கு முன் இருவரும் அருகில் வந்து இரண்டு வரி பேசிக்கொள்ள வேண்டும்: அவர் கை விட்டபோது என் ரன்னர் எங்கே, உங்கள் ரன்னர் எங்கே. பிறகே முன்னால் இருப்பவரிலிருந்து ஒவ்வொருவராகக் கைகாட்டி இடம் சொல்லலாம். அவசரமே வேண்டாம், பந்து செத்துவிட்டது, யாரும் எங்கும் ஓடப் போவதில்லை.

பரிசாகக் கிடைத்த பேஸ்களையும் ரன்னர்கள் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். கைகாட்டிவிட்டுச் சிரிப்போடு திரும்பிக்கொள்ளும் நடுவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் ரன்னர் நடந்தபடியே மூன்றாம் பேஸின் ஓரத்தைத் தொடாமல் தாண்டிப் போவார், எதிரணி முறையிடும், பார்த்தீர்களா என்று கேட்பார்கள். அதனால் கடைசி ரன்னர் தன் பேஸில் கால் வைக்கும்வரை நான் பந்தைப் பிட்சரிடம் கொடுக்கச் சொல்வதில்லை.